பாஸ்கராசாரியரும் கரணிக் கணக்கும்

நமது முன்னோரின் கணித ஞானத்தைப் புகழாத மேடை இந்நாளில் அரிது. பூஜ்யத்தை உலகுக்கு அளித்தோம் என்கிறோம். பீஜகணிதத்தில் பிற தேசத்தாருக்கு முற்பட்டவர் என்கிறோம். 1979-ஆம் வருஷத்தில் நமது தேசத்தின் செயற்கைக்கோள் ஒன்று விண்ணேறியபோது அதற்குப் பாஸ்கரா என்று நாமகரணம் செய்து மகிழ்ந்தோம். இவையெல்லாம் தகுதியான செயல்களே. ஆயினும் அந்தப் பாஸ்கராசாரியர் எதைக் கற்பித்தார், எவ்வாறு கற்பித்தார் என்று மேடையில் முழங்குவோரை நிறுத்திக் கேட்போமானால், விடை கிடைப்பது துர்லபம். பெயர் நமக்குத் தெரியும், வேலை தெரியாது.

இக்குற்றத்துக்கு நாமும் விலக்கானவர் அல்லர். ஆங்கிலப் படிப்பில் வளர்ந்த நாம், வர்க்கமூலக் கோவைகளைப் பெருக்குவதும் சுருக்குவதும் மேல்நாட்டார் கண்ட வித்தையென்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். பின்னர்ச் சட்டம் பயின்றபோது, தாயபாகத்தையும் மிதாக்ஷரத்தின் தாயப் பகுதியையும் 1810-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த கோல்புரூக் துரையின் பெயரை மனனம் செய்தோம். கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த அதே துரைதான் 1817-இல் பிரம்மகுப்தர், பாஸ்கரர் என்னும் இருவரின் கணித நூல்களையும் மொழிபெயர்த்து வெளியிட்டவர் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. சொத்து வழக்குக்கு வேண்டிய நூல் நம் கைக்கு வந்தது. அறிவுச் சொத்தின் பத்திரம் அலமாரியிலேயே கிடந்தது. பிற்பட்டுத்தான் அதைத் திறந்து பார்த்தோம். அதில் கண்டவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வது நமது கடமை.

மகான்களின் சரித்திரத்தில் கதையும் உண்மையும் கலந்திருப்பது இயல்பு. நியாயஸ்தலத்தில் பழகிய வழக்கப்படி, ஆதாரமுள்ளதை முதலில் வைப்போம்.

பாஸ்கரர் தமது பிறப்பைத் தாமே குறித்திருக்கிறார். சக வருஷம் 1036, அதாவது கி.பி. 1114, அவர் ஜனித்த ஆண்டு. ஸஹ்ய மலைத்தொடரை அடுத்த விஜ்ஜடவிடம் என்பது அவரது ஊர். அது பீஜாப்பூரே என்று பலர் எழுதியதுண்டு. ஆயினும் அவருடைய குடும்பத்தைப் பற்றிய கல்வெட்டு கிடைத்திருப்பது மஹாராஷ்டிரத்தில், சாலீஸ்காவ் நகரை அடுத்த பாட்ணே என்னும் மலையடிவாரத்துச் சிற்றூரில். பிதா மஹேச்வரர் ஜோதிஷத்தில் வல்லவர். அவரே பாஸ்கரருக்குக் குரு. கல்வெட்டு அக்குலத்தைத் திரிவிக்ரமர் முதல் ஒன்பது தலைமுறைக்கு எடுத்துரைக்கிறது. அவர்களுள் ஒருவர் போஜராஜனிடம் வித்தியாபதி என்னும் பட்டம் பெற்றவர். வித்தையே குலதனமாயிருந்த வீடு அது.

36-ஆம் வயதில், 1150-இல், பாஸ்கரர் சித்தாந்த சிரோமணியை இயற்றினார். லீலாவதி, பீஜகணிதம், கிரஹகணிதம், கோளாத்தியாயம் என்பன அதன் நான்கு பாகங்கள். முதலாவது எண் கணிதம். இரண்டாவது அறியாத எண்ணைக் குறியிட்டு ஆராயும் கணிதம். மற்றிரண்டும் வான சாஸ்திரம். செய்யுளில் விதிகளைச் சொல்லி நிறுத்திவிடாமல், தமது சித்தாந்தத்துக்குத் தாமே வசனத்தில் உரையும் எழுதினார். விதியின் காரணத்தை அறியாத ஜோதிஷன் சபையில் மதிப்புப் பெறான் என்பது அவரது உறுதியான அபிப்பிராயம்.

இனி நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருவோம். பீஜகணிதத்தில் பாஸ்கரர் தனி அத்தியாயம் வகுத்துக் கற்பித்தவற்றுள் ஒன்று கரணி. 9-க்கு மூலம் 3. 16-க்கு மூலம் 4. ஆனால் 2-க்கும் 3-க்கும் மூலம் காணப் புகுந்தால் முழு எண்ணும் வாராது, பின்னமும் வாராது. இவ்வாறு மூலம் முடிவுறாத எண்ணே கரணி. இச்சொல் யாகவேதி அமைத்தோரின் சுல்ப சூத்திரங்களிலிருந்து வந்தது. ஒரு சதுரத்தைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தை உண்டாக்கும் கயிற்றை அவர்கள் த்விகரணி என்றனர். அக்கயிற்றின் நீளம் √2. யாகசாலையில் கயிறாயிருந்தது பிற்காலத்தில் ஏட்டில் எண்ணாயிற்று. 628-இல் பிரம்மகுப்தர் தமது நூலில் கரணிகளைக் கூட்டவும் பெருக்கவும் வகுக்கவும் விதி கூறினார். ஆகவே கரணிக் கணக்கைப் பாஸ்கரர் கண்டுபிடித்தார் என்று நாம் சொல்ல மாட்டோம். அவரும் சொல்லவில்லை. பிரம்மகுப்தர், ஸ்ரீதரர், பத்மநாபர் ஆகியோரின் நூல்கள் மிக விரிந்தவையாதலால், அவற்றின் சாரத்தை மாணாக்கருக்காகச் சுருக்கித் தந்ததாகவே அவர் தமது நூலின் முடிவில் ஒப்புக்கொள்கிறார். பெரியோரின் நேர்மை இது.

அவர் கற்பித்த முறையைக் காண்போம். √2-உடன் √8-ஐக் கூட்டினால் என்ன வரும்? பள்ளிப்பிள்ளை அவசரத்தில் √10 என்பான். பாஸ்கரர் சொல்லும் வழி வேறு. 2-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 10. இதற்கு மஹதி, அதாவது பெரியது, என்று பெயர். இரண்டையும் பெருக்கினால் 16. அதன் மூலம் 4. அதன் இரட்டிப்பு 8. இதற்கு லகு, அதாவது சிறியது, என்று பெயர். பெரியதோடு சிறியதைக் கூட்டினால் 18, கழித்தால் 2. ஆகவே √8-உம் √2-உம் சேர்ந்தால் √18. √8-இல் √2 போனால் √2. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. √8 என்பது √2-இன் இருமடங்கு. அதனோடு இன்னொரு √2 சேர மூன்று மடங்கு. மூன்று மடங்கு √2 என்பதே √18. அடுத்தாற்போல் √3-ஐயும் √7-ஐயும் கூட்டச் சொல்கிறார். பெருக்கினால் 21, அதற்கு மூலமில்லை. அவ்விரண்டும் ஒன்றாகா, தனித்தனியே நிற்க வேண்டியவை என்பது அவர் தீர்ப்பு. சேராததைச் சேர்த்துக் காட்டாமல் இருப்பதும் கணிதத்தின் ஒழுக்கமே.

பெருக்கலுக்கு அவர் கொடுக்கும் உதாரணம் இது. √2, √3, √8 என்னும் மூன்றின் தொகையை, √3-உம் 5-உம் சேர்ந்த தொகையால் பெருக்க வேண்டும். அவரது காலத்தில் மூலக் குறியில்லை. கரணி என்பதன் முதலெழுத்தை முன்னே இட்டு, க 2 க 3 க 8 என்று எழுதுவர். 5 முழு எண்ணாதலால் அதையும் வர்க்கம் செய்து க 25 என்று கரணியாக்கிக்கொள்வர். அப்போதுதான் இனம் இனத்தோடு பெருகும். அப்படியே பெருக்கினால் ஆறு பெருக்கங்கள் தேவை. வேலை தொடங்குமுன் கூட்டக்கூடியவற்றைக் கூட்டிக்கொண்டால் சிரமம் குறையும் என்கிறார் ஆசிரியர். √2-உம் √8-உம் √18 ஆகிவிட்டன. இனி நான்கு பெருக்கங்களே போதும். 18-ஐ 25-ஆல் பெருக்க 450. 3-ஐ 25-ஆல் பெருக்க 75. 18-ஐ 3-ஆல் பெருக்க 54. 3-ஐ 3-ஆல் பெருக்க 9. ஒன்பதுக்கு மூலம் உண்டு, அது 3. ஆகவே விடை, 3-உடன் √450, √75, √54 ஆகியன சேர்ந்த தொகை.

விடை வந்ததென்று அவர் விட்டுவிடவில்லை. அவ்விடையையே எடுத்துக்கொண்டு, √25-உம் √3-உம் சேர்ந்த அதே தொகையால் வகுக்கச் சொல்கிறார். வகுக்கும் தொகையில் இரு கரணிகள் இருந்தால் என் செய்வது? அவற்றுள் ஒன்றைத் தனமாயிருப்பதை ருணமாக, அதாவது கூட்டலைக் கழித்தலாக, மாற்று. அதனால் மேலும் கீழும் பெருக்கு என்பது விதி. √25-உடன் √3 கூடியதை √25-இல் √3 குறைந்ததால் பெருக்க, 25-இல் 3 போக 22 என்னும் முழு எண் மிஞ்சுகிறது. கீழே நின்ற கரணி மறைந்தது. மேலே √8712-உம் √1452-உம் வருகின்றன. 22-இன் வர்க்கமாகிய 484-ஆல் இவற்றை வகுக்க 18-உம் 3-உம் கிடைக்கின்றன. பின்னர் 18-ஐ ஒன்பது இரண்டு என்று பகுத்து, ஒன்பதின் மூலமாகிய 3-ஐ 1, 2 என்று பிரித்து, அவற்றின் வர்க்கங்களாகிய 1, 4 இரண்டையும் 2-ஆல் பெருக்கினால், முதலில் வைத்த 2-உம் 8-உம் திரும்பி வருகின்றன. போன வழியே மீண்டு வந்து புறப்பட்ட இடத்தை அடைந்தாயிற்று. பகுதியிலுள்ள மூலத்தை நீக்குதற்கு இன்று உலகெங்கும் பள்ளிகளில் கற்பிக்கும் முறை இதுவே.

இதனினும் அருமையானது கரணித் தொகைக்கே வர்க்கமூலம் காணும் முறை. 10-உடன் √24, √40, √60 ஆகிய மூன்றும் சேர்ந்து நிற்கின்றன. இது எதன் வர்க்கம்? 10-இன் வர்க்கம் 100. அதில் 24-உம் 40-உம் கழிய 36. அதன் மூலம் 6. பத்தோடு ஆறைக் கூட்டியும் கழித்தும் பாதியாக்கினால் 8-உம் 2-உம். இரண்டை ஒதுக்கிவைத்து, எட்டின் வர்க்கமாகிய 64-இல் 60-ஐக் கழிக்க 4. அதன் மூலம் 2. எட்டோடு இரண்டைக் கூட்டியும் கழித்தும் பாதியாக்கினால் 5-உம் 3-உம். ஆகவே √2, √3, √5 ஆகிய மூன்றின் தொகையே விடை. ஆனால் இவ்விதியைக் கண்மூடிப் பயன்படுத்தினால் மோசம் போக நேரும் என்று ஆசாரியர் எச்சரிக்கிறார். இரண்டு கரணிகளின் தொகையை வர்க்கித்தால் உள்ளே தோன்றும் கரணி ஒன்று, மூன்றாயின் மூன்று, நான்காயின் ஆறு, ஐந்தாயின் பத்து. இக்கணக்குக்கு ஒவ்வாத தொகை வந்தால் முதலில் ஐயுற வேண்டும்; கிடைத்த விடையையும் திரும்ப வர்க்கித்துச் சரிபார்க்க வேண்டும். முன்னிருந்தோர் இதை விரித்துரைக்காமையால், இளைஞர் அறியும்பொருட்டுத் தாம் விரித்துரைப்பதாக அவர் கூறுவது கவனிக்கத்தக்கது. முன்னோரை வணங்குவதும், அவர்கள் விட்ட குறையை நிரப்புவதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

மூலம் முடிவுறாத எண்கள் அவரை இன்னும் ஆழத்துக்கு இட்டுச் சென்றன. ஓர் எண்ணின் வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மறுபடியும் ஒரு வர்க்கம் வரவேண்டும். அவ்வெண் யாது என்று அவர் வினவினார். சக்கரவாளம் என்னும் முறையால் விடையும் தந்தார். அவ்வெண் 22,61,53,980, வரும் வர்க்கத்தின் மூலம் 176,63,19,049. பின்னதை முன்னதால் வகுத்தால் √61-க்கு மிக நெருங்கிய மதிப்புக் கிடைக்கும். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1657-இல், பிரெஞ்சு தேசத்துப் பெர்மா ஐரோப்பியக் கணித நிபுணர்களுக்குச் சவாலாக விடுத்த கணக்குகளுள் இதுவும் ஒன்று. இங்கும் நாம் உண்மையை மறைத்தலாகாது. சக்கரவாள முறையை ஜயதேவர் என்பவர் பாஸ்கரருக்கு முன்னரே அறிந்திருந்தார் என்பதற்கு 1073-இல் எழுதப்பட்ட உரையொன்று சான்று பகர்கிறது. ஒருவருக்குரியதை மற்றொருவருக்கு அளித்துப் பெருமை தேடும் அவசியம் நமக்கில்லை, இருவரும் நம்மவரே.

லீலாவதி என்பது பாஸ்கரரின் குமாரத்தியின் பெயர் என்றும், அவளது விவாக முகூர்த்தத்தை அளந்த நீர்க்கடிகாரத்தில் முத்து ஒன்று விழுந்து துவாரத்தை அடைத்ததால் முகூர்த்தம் தவறிற்று என்றும், மகளின் துயர் தீர்க்கத் தந்தை அவள் பெயரால் நூல் செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கேட்போர் கண் கலங்கும் கதைதான். ஆனால் அது அக்பர் சபையைச் சேர்ந்த பைஸி 1587-இல் லீலாவதியைப் பாரசீகத்தில் பெயர்த்தபோது முகவுரையில் எழுதியது. பாஸ்கரருக்கும் பைஸிக்கும் இடையே நானூறு வருஷங்கள் கிடக்கின்றன. குடும்பத்துக் கல்வெட்டு ஒரு புத்திரரைச் சொல்கிறது, மகளைச் சொல்லவில்லை. கேள்விச் சாட்சியத்துக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவே இக்கதைக்கும் கொடுப்போம்.

1183-இல், 69-ஆம் வயதில், கரணகுதூஹலம் என்னும் வான சாஸ்திர நூலையும் பாஸ்கரர் இயற்றினார். முதுமையிலும் அவர் எழுத்தாணியைக் கீழே வைக்கவில்லை. அவருடைய புத்திரர் லக்ஷ்மீதரரை யாதவ அரசன் ஜைத்ரபாலன் தன் சபைக்கு அழைத்துக்கொண்டான். பௌத்திரர் சாங்கதேவர் சிங்கண அரசனிடம் தலைமை ஜோதிஷராக அமர்ந்தார்.

இச்சாங்கதேவர் செய்த காரியத்தை நமது நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டுகிறோம். அவர் பாட்டனாருக்குச் சிலை வைக்கவில்லை. பாட்டனாரின் நூல்களையும் அக்குலத்தார் நூல்களையும் கற்பிப்பதற்கென்றே ஒரு மடம் நிறுவினார். 1207-இல் அவ்வூர்த் தலைவர்கள் அதற்கு மானியம் விட்டனர். பாட்ணேயில் நின்ற கல்வெட்டு அம்மானியத்தைக் கல்லில் பொறித்து வைத்தது. ஊர்ச் செக்குகளிலிருந்து இவ்வளவு எண்ணெய், அங்கே விற்கும் சரக்கிலிருந்து இவ்வளவு பங்கு என்று மடத்துக்கு உரியவை அதில் வகுக்கப்பட்டுள்ளன. கணக்கறியாத வாணியனும் வர்த்தகனும் தம் பங்கைக் கொடுத்தார்கள். அதனால் ஏழை மாணாக்கன் கரணி கற்றான். ஓர் ஊரே சேர்ந்து ஒரு நூலை உயிரோடு வைத்திருந்தது.

அந்த மடம் மறைந்தது, நூல் மறையவில்லை. 1545-இல் கணேச தைவக்ஞர் லீலாவதிக்குக் காரணங்கள் காட்டி உரை எழுதினார். கிருஷ்ண தைவக்ஞர் பீஜகணிதத்துக்குப் பீஜபல்லவம் என்னும் உரை கண்டார். அதை 1958-இல் அச்சிட்டு வெளியிட்ட பெருமை நமது தஞ்சைச் சரஸ்வதி மஹாலுக்கு உரியது. 1634-இல் பீஜகணிதத்தைப் பாரசீகத்தில் பெயர்த்து ஷாஜஹானுக்குச் சமர்ப்பித்தவர் அதாவுல்லா ருஷ்தி. அவர் தாஜ்மஹாலின் சிற்பாசாரியர் என்று கருதப்படும் உஸ்தாத் அஹ்மத் லாஹோரியின் புத்திரர். அப்பாரசீக நூலிலிருந்தே 1813-இல் ஸ்ட்ரேச்சி துரையின் ஆங்கிலப் பெயர்ப்பு எழுந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கோல்புரூக் துரை மூலத்தையே பெயர்த்தார். ஹிந்துவும் முஸல்மானும் ஆங்கிலேயரும் கைமாற்றிக் கைமாற்றிக் காத்த நூல் இது. அது எம்மதத்துக்கும் எக்குலத்துக்கும் தனிச்சொத்தன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதனைப் படிக்கும் தேசபக்தர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னோர் பெருமையைச் சொல்வதற்கு ஒருவருக்கு உரிமை எவ்வாறு வருகிறது? பிறப்பினால் வருவதாக நாம் கருதவில்லை. பாஸ்கரர் தமது பெருமையைச் சபையில் நிலைநாட்டியது காரணம் கூறும் வல்லமையால். அவர் பௌத்திரர் அதனைக் காத்தது மானியத்தால். கரணிகளைக் கூட்டும் விதியைச் சூத்திரமாக ஒப்புவிக்கும் மாணவனுக்கு, √3-உம் √7-உம் ஏன் சேரமாட்டா என்பதையும் சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயர் ஒவ்வொருவரும் அந்த மடத்து ஆசிரியரின் வழித்தோன்றல். அவ்வுபாத்தியாயருக்கு வேண்டிய நூலையும் சம்பளத்தையும் கேட்டு வாங்கிக் கொடுப்பது பொதுஜன சேவகர்களின் வேலை.

மேடையில் ஏறிப் பாஸ்கராசாரியரின் பெயரைச் சொல்லப்போகும் அன்பர், அதற்கு முதல்நாள் இரவு ஒரு தாளை எடுத்து, √2-உடன் √8-ஐ ஒரு முறை கூட்டிப் பார்ப்பாராக. மறுநாள் காலையில் தமது ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, கணக்கு வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லை என்று விசாரிப்பாராக. அந்தச் செக்குக்காரர் கொடுத்த எண்ணெயை இனி யார் கொடுப்பது என்னும் கேள்விக்கு விடை அங்கே தொடங்கும்.